கூட்டின் அளவு: கம்பம் பள்ளத்தாக்கில் ரைபிள் தோட்டாவும் டையும்

கம்பம் பள்ளத்தாக்கில் துப்பாக்கியின் கடந்த காலம் தரையில் ஒன்றாகவும் மலையில் வேறொன்றாகவும் இருக்கிறது. போடிநாயக்கனூர், தேவாரம், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என மலையடிவாரத்தை ஒட்டிய ஊர்களின் மானாவாரிக் காடுகளில் காட்டுப்பன்றியையும் மிளாவையும் விரட்ட வைத்திருந்த, குழலின் வாய் வழியாகவே மருந்தையும் ரவையையும் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி ஒரு மரபு. மேற்கே ஏலமலையிலும் கண்ணன் தேவன் மலைகளிலும், பிற்பாடு கிழக்கே மேகமலையிலும் காடழித்துத் தோட்டம் போட்ட துரைமாரின் தோளில் தொங்கிய, பின்புறம் திறந்து பித்தளைத் தோட்டா இடும் ரைபிள் மற்றொரு மரபு. இரண்டையும் பிரித்தவற்றுள் விலையும் அதிகாரமும் உண்டு என்றாலும், பொருளளவில் பிரித்தது விரல் நீளப் பித்தளைக் கூடு ஒன்றே. நாட்டுத் துப்பாக்கிக்குக் கூடு கிடையாது. ரைபிளின் வரலாறோ பெரும்பகுதி கூட்டின் வரலாறாகவே அமைந்தது. சுட்டபின் மிஞ்சும் காலிக் கூட்டை மறுபடி பயன்படுத்தலாமா, பயன்படுத்துவதானால் அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர எந்த டையைத் தேர்வது என்பது பட்டறைக்குள் முடிந்துவிடும் கேள்வியாகத் தோன்றும். இந்தப் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அதற்கு விடை சொன்னவை பெரும்பாலும் மழையும் சட்டமும்தான்.

ரைபிள் தோட்டா நான்கு உறுப்புகளால் ஆனது: முன்னே ஈயக் குண்டு, உள்ளே மருந்து, அடியில் அடிபட்டதும் பொறி எழுப்பும் கேப்பு, இம்மூன்றையும் ஒன்றாகப் பிடித்திருக்கும் கூடு. செம்பு எழுபது பங்கும் துத்தநாகம் முப்பது பங்கும் சேர்ந்த பித்தளையால் கூடு செய்யப்படுவதற்குக் காரணம், அந்தக் கலவை வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்து, ரைபிளின் பின்பகுதியில் தோட்டா அமரும் குழியாகிய அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னோக்கிக் கசியாமல் அடைத்து, அழுத்தம் தணிந்தவுடன் சிறிதே சுருங்கி வெளியே எடுக்க இடம் கொடுப்பதாகும். விரிந்த அளவுக்கு அது சுருங்குவதில்லை. ஆகவே ஒருமுறை சுடப்பட்ட கூடு தான் சுடப்பட்ட அறையின் வடிவத்தை ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொள்கிறது. அதன் வாய், புதுக் குண்டை இறுகப் பிடிக்க இயலாதபடி அகன்றுவிடுகிறது. இந்த விரிவைத் திருத்துவதற்காக, உட்புறம் துல்லியமாகக் கடைந்து கடினப்படுத்திய எஃகு அச்சுக்குள் கூட்டை அழுத்தி ஏற்றி இறக்குவார்கள். பட்டறைகளில் டை என்று வழங்கும் பொருள் அதுவே. கூட்டின் உடல், தோள், கழுத்து ஆகிய மூன்றையும் பழைய அளவுக்கு ஒடுக்குவது முழுநீள டை எனப்படும். கழுத்தை மட்டும் ஒடுக்கி, உடலை அறை கொடுத்த வடிவத்திலேயே விட்டுவிடுவது கழுத்து டை எனப்படும். ஏனைய வகைகள், அடிப்பகுதியைச் சற்று கூடுதலாக ஒடுக்குவதும், கழுத்தின் இறுக்கத்தை மாற்றக்கூடிய வளையம் பொருத்தியதும் உட்பட, இவ்விரண்டின் கிளைகளே.

இவை இரண்டில் எது வேண்டும் என்பதைத் துப்பாக்கியின் அமைப்பே முதலில் சொல்லிவிடுகிறது. கைப்பிடியைத் திருப்பிப் பூட்டும் போல்ட் வகை ரைபிளில், பூட்டும் அசைவிலேயே ஒரு சாய்தள விசை இருப்பதால், சற்று இறுக்கமான கூட்டையும் அது அறைக்குள் தள்ளி அமர்த்தும், சுட்டபின் இழுத்தும் எடுக்கும். அத்தகைய ரைபிள் ஒன்றில் சுட்ட கூட்டை அதே ரைபிளுக்கே திரும்பப் பயன்படுத்துவோருக்குக் கழுத்து டை போதும், பித்தளையும் குறைவாகவே தேயும். நடுவில் மடக்கித் திறக்கும் இரட்டைக்குழல் ரைபிளுக்கோ அந்தச் சாய்தள விசை கிடையாது. கூடு தடையின்றி உள்ளே விழ வேண்டும், தடையின்றி வெளியே வர வேண்டும். ஒரே ரைபிளிலும் இரண்டு அறைகள் இருப்பதால், வலக்குழலில் சுட்ட கூடு இடக்குழலில் சரியாக அமரும் என்ற உறுதியும் இல்லை. யானையும் காட்டுமாடும் திரியும் சோலைக்காட்டில், இரண்டாவது குண்டு உடனே பாய வேண்டிய வேளையில் கூடு சிக்கிக்கொண்டால் விளைவு என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பெருவிலங்கு நாட்டில் இரட்டைக்குழலை நம்பியவர்களுக்கு முழுநீள டையைத் தவிர வேறு தெரிவு இருக்கவில்லை என்று கொள்ளலாம்.

மலைமேல் இந்த மரபு நுழைந்த வரலாறு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்குகிறது. சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் ஆனைமலை, பழனிமலைத் தொடர்களை அளந்தும் வரைந்தும் வேட்டையாடியும் 1850-களிலும் 1860-களிலும் சுற்றினார். இரவிகுளத்தை அடுத்த மேட்டுநிலம் ஒன்று அவர் பெயரால் வழங்கப்பட்டது. ஏலமலையின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டேனியல் மன்றோ, வேட்டையில் ஈடுபாடு மிக்கவர், 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1879இல் வடதிருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண் சங்கமும், 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனியும் உருவாயின. அந்த மலைகள் திருவிதாங்கூரின் ஆட்சிக்கு உட்பட்டவை எனினும் அவற்றின் வாசல் போடிப் பக்கம் இருந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை வந்த தேயிலை, அங்கிருந்து கம்பிவடப் பாதையில் குரங்கணியை ஒட்டிய பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கிப் போடிநாயக்கனூர் வழியாகவே துறைமுகம் நோக்கிச் சென்றது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலைமேல் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதையை அழிக்கும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது. பிரிட்டனில் செய்யப்பட்ட சரக்கைக் கடலிலிருந்து அந்த மலைக்கு ஏற்றுவதற்கு எவ்வளவு காலமும் கூலியும் ஆகியிருக்கும் என்பதை இதிலிருந்து கணிக்கலாம். காலிக் கூட்டை எறியாமல் சேர்த்துவைக்கும் பழக்கத்துக்குத் தொலைவைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை.

ஆனாலும் தொடக்ககாலக் கூடு மறுபயன்பாட்டுக்கு ஏற்றதாக இல்லை. 1860-களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் படைக்கு வந்த ஸ்னைடர் ரைபிளுக்கும், 1871இல் ஏற்கப்பட்ட மார்ட்டினி-ஹென்றி ரைபிளுக்கும், மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி அடியில் தனி வட்டு பொருத்திய கூடே வழங்கப்பட்டது. சுருட்டிய தகடு விரிந்தபின் டைக்குள் ஒழுங்காக ஒடுங்காது, சில வேளை கிழியும். ஒரே வட்டத்தட்டிலிருந்து படிப்படியாக இழுத்து உருவாக்கிய, மூட்டில்லாத கூடு பரவலான 1880-களுக்குப் பிறகே, ஒரு கூட்டைப் பலமுறை நிரப்பலாம் என்பது நடைமுறையாயிற்று. கரும்புகை மருந்தால் இயங்கிய எக்ஸ்பிரஸ் ரைபிள்கள், .450, .500, .577 அங்குல வாய் கொண்டவை, அந்தக் காலத்துத் தென்னிந்திய வேட்டையாடிகளின் விருப்பமாக இருந்தன. தரமான ரைபிள் ஒன்று பெட்டியோடு வாங்கப்பட்டால், குண்டு வார்க்கும் அச்சு, மருந்தளக்கும் குவளை, கேப்பு நீக்கும் ஊசி, கூட்டைத் திருத்தும் டை ஆகியவை அந்தப் பெட்டியின் அறைகளிலேயே வந்தன. டையைத் தேர்வது என்ற சிக்கல் அப்போது எழவில்லை எனலாம். அந்த ரைபிளின் அறையைக் குடைந்த பட்டறையே அதற்கான டையையும் செய்து கொடுத்தது. இன்றைய தொழிற்சாலை டைகள் எந்த ரைபிளுக்கும் பொருந்தும் சராசரி அளவில் செய்யப்படுவதை எண்ணினால், துல்லியத்தில் பழைய ஏற்பாடு பின்தங்கியதாகத் தோன்றவில்லை.

கருவியின் விசையும் தெரிவைக் கட்டுப்படுத்தியது. கழுத்தை ஒடுக்கக் கைப்பிடியின் இறுக்கம் போதும். இடுக்கி வடிவில் அமைந்த கைக்கருவிகள், அமெரிக்காவில் 1884 முதல் ஐடியல் நிறுவனம் செய்து பரப்பியவை உட்பட, கழுத்து ஒடுக்கும் வேலையையே பெரும்பாலும் செய்தன. முழுக் கூட்டையும் ஒடுக்கத் திருகாணியோ நெம்புகோலோ வேண்டும். அது இல்லாத இடத்தில், எண்ணெய் தடவிய கூட்டை டைக்குள் மரச்சுத்தியால் அடித்து இறக்கி, பிறகு கம்பி ஒன்றை உள்ளே விட்டு அடித்து வெளியேற்றுவார்கள். மேசையில் திருகிப் பொருத்தும் வலுவான அழுத்துகருவியும், எந்தக் கருவியிலும் பொருந்தும் பொதுப் புரியிட்ட டையும் வந்து சேர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்காவில்; ஏலமலையின் வேட்டைக்காலம் அதற்குள் முதுமை எய்திவிட்டது.

டையால் சரிசெய்ய இயலாத குறைகளும் கூட்டுக்கு உண்டு. அவற்றுள் ஒன்று கேப்பைச் சார்ந்தது. கேப்பு அடிபடும்போது எதிரே தாங்கிநிற்கும் முனையை, ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்ஸர் கேப்புக்குள்ளேயே வைத்தார். அமெரிக்கரான ஹைரம் பெர்டன் அதைக் கூட்டின் அடியிலேயே அமைத்தார். பாக்ஸர் முறையில் கூட்டின் நடுவில் ஒற்றைத் துளை இருப்பதால், டையின் நடுவே பொருத்திய ஊசி கூட்டை ஒடுக்கும் அதே அசைவில் பழைய கேப்பைத் தள்ளிவிடும். பெர்டன் முறையில் பக்கவாட்டில் சிறு துளைகள் இருப்பதால் ஊசி நுழையாது, கொக்கியால் நெம்பியோ நீரழுத்தத்தால் உந்தியோ எடுக்க வேண்டும். விசித்திரம் என்னவெனில், அமெரிக்கர் ஆங்கிலேயரின் முறையைத் தழுவ, பிரிட்டனின் கைனாக் போன்ற நிறுவனங்கள் அமெரிக்கரின் முறையையே பெரும்பாலும் பின்பற்றின. அதனால் இந்தியாவுக்கு வந்த வேட்டைத் தோட்டாவும் கிர்க்கி ஆயுதத் தொழிற்சாலையின் .303 படைத் தோட்டாவும் மறுநிரப்பலுக்கு எளிதில் இடங்கொடாத வகையைச் சேர்ந்தவையாக அமைந்தன. இன்னொரு குறை, அக்காலக் கேப்புகளில் இருந்த பாதரசச் சேர்மம். கரும்புகை மருந்து ஏராளமான கசடை விட்டுச்சென்றதால் பாதரசத்தின் பெரும்பகுதி அக்கசடோடு கழுவப்பட்டுப் போயிற்று. கசடற்ற புகையில்லா மருந்து வந்தபின் அது நேரே பித்தளையோடு கலந்து கூட்டை நொறுங்கச் செய்தது. வெளித்தோற்றத்தில் பழுதற்ற கூடு டைக்குள் ஏறும்போதோ அடுத்த முறை சுடும்போதோ விரிசல் கண்டது. மருந்து முன்னேறியபோது கூட்டின் ஆயுள் குறைந்தது என்பது இந்தத் துறையின் முரண்களில் ஒன்று.

மூன்றாவது குறையைக் கண்டறிந்த இடம் இந்தியா. கண்டறியக் காரணம் மழை. பருவமழைக் காலத்தில் படை நடமாட்டம் குறைந்தபோது தோட்டாக்களைக் குதிரை இலாயங்களில் சேமித்துவைத்த பிரிட்டிஷ் படையினர், மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்க்கையில் பல கூடுகள், சுடப்படாமலேயே, குறிப்பாகக் குண்டைச் சுற்றி இறுக்கிய கழுத்துப் பகுதியில் வெடித்திருப்பதைக் கண்டனர். பருவ வெடிப்பு என்றே உலோகவியல் நூல்கள் அதற்குப் பெயரிட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஆவியும், குளிர்நிலையில் இழுத்தும் ஒடுக்கியும் செய்யப்பட்ட பித்தளைக்குள் தேங்கிநிற்கும் உள்விசையும் கூடும்போதே இந்த வெடிப்பு உண்டாகிறது என்று மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் 1921இல் விளக்கினர். இதன் பொருள் டையைத் தேர்வோருக்கு நேரடியானது: ஒவ்வொரு முறை ஒடுக்கும்போதும் டை பித்தளைக்குள் விசையை ஏற்றிவைக்கிறது, முழுநீள டை கூடுதலான பரப்பில் ஏற்றுகிறது, அந்த விசையை இறக்கக் கழுத்தைச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். பித்தளைக் குடத்தின் ஒடுக்கெடுக்கும் கன்னார் தட்டுவதற்கு முன் உலையில் காட்டி எடுப்பதும் இதே காரணத்தால்தான். கூடலூர்க் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவச் சாரலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் ஏறிவரும் இந்த மலைகளில், ஈரமும் தொழுவமும் அருகருகே இருந்த தோட்டப் பங்களாக்களில், கூட்டைப் பாதுகாப்பது அதை ஒடுக்குவதைவிடக் கடினமான வேலையாக இருந்திருக்கும். சிறுவேட்டைக்கான பன்னிரண்டு போர் துப்பாக்கியின் காகிதக் கூடுகள் ஈரத்தில் ஊதி அறைக்குள் நுழைய மறுத்ததால், விலை கூடினும் பித்தளைக் கூட்டை விரும்பியோர் வெப்பமண்டலம் எங்கும் இருந்தனர்.

வெப்பமும் தன் பங்கைச் செய்தது. 1889இல் ஏபெல், டியூவர் இருவரும் உருவாக்கிய கார்டைட் எனும் புகையில்லா மருந்து, நூலிழை போன்ற குச்சிகளாக அமைந்தது; வெயில் ஏற ஏற அதன் அழுத்தமும் ஏறியது. இங்கிலாந்தின் குளிரில் பழுதின்றி வெளிவந்த கூடு இந்தியக் கோடையில் அறையோடு ஒட்டிக்கொண்டது. ஆகவே வெப்பமண்டலத்துக்கான தோட்டாக்களில் அழுத்தத்தைக் குறைத்து வைப்பதற்காகவே கூட்டைப் பெரிதாக்கினர்: .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவின் கூடு 3¼ அங்குல நீளமுள்ளது, அதன் அழுத்தமோ சதுர அங்குலத்துக்குச் சுமார் 14 டன்தான். நீளமான கழுத்தும் மெல்லிய விளிம்பும் கொண்ட பழைய .450/400 கூடு சிக்கிக்கொள்வதாக எழுந்த குறையை, ஜெஃப்ரி நிறுவனம் கூட்டை 3 அங்குலமாகக் குறைத்து, தோளைப் பின்தள்ளி, விளிம்பைத் தடிப்பாக்கிச் சரிசெய்தது. கூட்டின் வரைபடம் இவ்வாறு வானிலைக்கேற்பத் திருத்தப்பட்டபோது, அதற்கான டையும் புதிதாகக் கடையப்பட வேண்டியதாயிற்று. பழைய டை வைத்திருந்தவருக்கு அது பயன்படவில்லை.

கார்டைட்டின் இன்னொரு இயல்பு தோட்டப் பங்களாவின் மேசைமீது நடந்த வேலையையே குலைத்தது. .303 தோட்டாத் தொழிற்சாலையில் கார்டைட் குச்சிக் கட்டைக் கூட்டுக்குள் செருகிய பிறகே கூட்டின் கழுத்தை ஒடுக்கினார்கள். கழுத்து குறுகியபின் அந்தக் கட்டு உள்ளே நுழையாது. வீட்டில் மறுநிரப்புபவர் பின்பற்றும் வரிசையோ நேரெதிர்: முதலில் கழுத்தை ஒடுக்கி, அப்புறம் மருந்து இடுவது. ஆகவே தொழிற்சாலையின் மருந்தை வீட்டு முறையில் பயன்படுத்த வழியின்றிப் போயிற்று. நீலகிரியின் அரவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை தென்னிந்தியாவிலேயே அந்த மருந்தைச் செய்யத் தொடங்கியபோதும், அது படைக்கான சரக்கு. பெட்டியோடு டையும் குவளையும் வாங்கிய தலைமுறை மறைந்து, தகரத்தில் அடைத்துவந்த தோட்டாவை அப்படியே வாங்கும் தலைமுறை வந்தது.

எனினும் கூட்டின் அளவை அறைக்கும் வானிலைக்கும் மேலாக நிர்ணயித்தது அரசு. தென்பாளையக்காரர் கிளர்ச்சி அடங்கிய 1801ஆம் ஆண்டின் இறுதியில் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் கட்டளையிட்டதிலிருந்து, மதுரைச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பது அரசு தரும் சலுகையாகவே கருதப்பட்டது. லிட்டன் பிரபுவின் ஆட்சியில் வந்த 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் அதைப் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் எழுத்தில் நிறுவியது. அந்தச் சட்டம் வெடிபொருள் என்பதற்குத் தந்த விளக்கம் ஊன்றிப் படிக்கத்தக்கது: கேப்பும், தக்கையும், தோட்டாவின் எல்லா உறுப்புகளும், தோட்டா செய்வதற்கான எல்லா இயந்திரங்களும் அதில் அடங்கும், ஈயமும் கந்தகமும் வெடியுப்பும் அடங்கா. அதாவது கூட்டைத் திருத்தும் எஃகுத் துண்டு, உள்ளே ஒரு சிட்டிகை மருந்துகூட இல்லாத போதும், சட்டத்தின் பார்வையில் வெடிபொருளாகிவிடக்கூடியது; சந்தையில் மூட்டையாகக் கிடக்கும் கந்தகம் ஆகாது. இந்தப் பாகுபாடு அறியாமையால் எழுந்ததன்று. கந்தகமும் வெடியுப்பும் மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் பட்டாசுக்கும் வேண்டியவை, தடுக்க முடியாதவை. கேப்பும் இயந்திரமும் வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டியவை, ஆகவே பிடிக்க எளியவை. அரசு தன் பிடியைச் சரியான கண்ணியில் வைத்தது. ஐரோப்பியர் இந்தச் சட்டத்தின் உரிமக் கட்டாயத்திலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில்தான் அந்த இனவழி விலக்கு விதிகளிலிருந்து நீங்கியது. மலைமேலிருந்த டை எவராலும் கேள்வி கேட்கப்படாததற்கும், தரையில் அப்படியொரு டை தோன்றாததற்கும் இடையே இருந்தது இந்த விலக்கு.

விலக்குப் பெற்றவர்களுக்கும் அளவில் கட்டுப்பாடு வந்தது. வடமேற்கு எல்லையில் அரசுக்கு எதிராகப் போரிட்டவர்களின் கையில் மார்ட்டினி-ஹென்றி ரைபிள்கள் பெருகியிருந்தன, அவற்றின் குழல்வாய் .450 அங்குலம் என்பதால், அதே வாயுடைய வேட்டைத் தோட்டாவின் குண்டைப் பிரித்தெடுத்து அவற்றில் பயன்படுத்திவிடுவார்கள் என்ற அச்சத்தில், 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் .450 வாய் ரைபிள்கள் இந்தியாவுக்குள் வருவது தடுக்கப்பட்டது. படையின் .303 வாயும் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. பிரிட்டிஷ் துப்பாக்கி வினைஞர்கள் இதற்குக் காட்டிய மறுமொழி வணிகச் சுறுசுறுப்புக்கு நல்ல சான்று: ஜோசப் லாங் .470, ஹாலண்ட் நிறுவனம் .465, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476 எனத் தடைக்கு உட்படாத அளவுகள் சில ஆண்டுகளுக்குள் அணிவகுத்தன. வேட்டையின் தேவை மாறவில்லை, விலங்கு மாறவில்லை. மாறியது சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கு. அந்தக் கணக்கு மாறியதால் குண்டச்சும் டையும் கூடும் ஒருசேர மாறின.

தரையில் நிலவிய மரபு இந்த ஆரவாரம் எதிலும் கலக்கவில்லை. பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டு நஞ்சை பெருகியபோது வயலும் காடும் இன்னும் நெருங்கின. பன்றியும் பெருகிய விளைச்சலைத் தேடி இறங்கியது. விவசாயி வைத்திருந்த ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியில் மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரோ கந்தலோ வைத்துக் கம்பியால் கெட்டித்து, ரவை இட்டு, மறுபடி அடைத்து, குழலடியிலுள்ள முளையின்மேல் கேப்பைச் செருகிச் சுட்டார்கள். அதில் அளவு என்பது கைப்பழக்கம். குழலின் வாய் நூலளவு கூடினாலும் குறைந்தாலும் அடைப்பு அதைச் சரிசெய்துவிடும். ஒடுக்கவோ பொருத்தவோ ஒன்றுமில்லை. துல்லியம் குறைவு, ஈரத்தில் பற்றாமை அதிகம், ஆனால் மலைமேலிருந்தவரை வாட்டிய சிக்கல்களில் ஒன்றுகூட இங்கே இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கேப்பு ஒன்றைத் தவிர மற்றெல்லாம் பள்ளத்தாக்குக்குள்ளேயே கிடைத்தன. அந்த ஒன்றே உரிமத்தின் வாசற்படி.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்த இரட்டை மரபை அப்படியே ஏற்றுத் தன் வாசகத்தில் பதித்துக்கொண்டது. பயிர்க் காவலுக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கும், பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்வரிப் பள்ளம் இல்லாத குழலுடைய துப்பாக்கிக்கும் உரிமம் கேட்போரை அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு தனியே வைத்துப் பேசுகிறது. ரைபிள் கேட்போர் தகுந்த காரணம் காட்ட வேண்டியவர்களாக அதற்கு வெளியே நிற்கிறார்கள். தோட்டாவின் உறுப்புகளையும் தோட்டா செய்யும் இயந்திரத்தையும் வெடிபொருளின் விளக்கத்துக்குள் வைத்திருக்கும் வழக்கமும் 1878இலிருந்து மாறாமல் தொடர்கிறது. எல்லை மலையான மங்களதேவிக்கு மேற்கிலோ கிழக்கிலோ எவர் கையில் அந்த எஃகு அச்சு இருந்தாலும் விதி இப்போது ஒன்றே. துரைக்கு இருந்த விலக்கு எவருக்கும் இல்லை.

உரிமம் பெற்ற இந்தியக் குடிமகனுக்கென்று இசாப்பூர் ரைபிள் தொழிற்சாலை செய்த .315 ரைபிள், கூட்டின் அளவு சட்டத்தின் கருவியாகும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று. ரைபிளின் உடலமைப்பு படையின் லீ-என்ஃபீல்டை ஒத்தது. தோட்டாவோ ஆஸ்திரியாவின் பழைய 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவின் வழிவந்தது. படையின் .303 தோட்டா அதில் பயன்படாது, அதன் தோட்டா படை ரைபிளில் பயன்படாது என்பதே அந்தத் தெரிவின் சிறப்பு. .303 கூட்டை ஒடுக்கி .315 ஆக்கவும் இயலாது, அடிப்பகுதியில் .315 பருமன் கூடியது, டை என்பது ஒடுக்கும் கருவியேயன்றிப் பருக்கச் செய்யும் கருவியன்று. படைக் கிடங்கிலிருந்து கூடு வெளியேறினாலும் குடிமகனின் ரைபிளில் அதற்கு இடமில்லாதபடி வரைபடமே காவல் நிற்கிறது.

1970-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் மலைமேலிருந்த மரபு இரு பக்கமும் அடைபட்டது. கைனாக் தன் பெருவாய் வேட்டைத் தோட்டாக்களின் உற்பத்தியைக் கைவிட்டது. கேரள அரசு 1971இல் கண்ணன் தேவன் நிலங்களை மீட்கச் சட்டமியற்றியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தோட்டத்துரைமாரின் வேட்டைச் சங்கம் முதுவர் பழங்குடியினரைக் காவலர்களாக அமர்த்தி நெடுங்காலம் பேணிய இரவிகுளத்து வரையாட்டு மேடு 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. பள்ளத்தாக்கின் கிழக்குச் சுவரான மேகமலை, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. கைனாக் நிறுத்திய அதே தோட்டாக்களுக்கு அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் நேர்ந்தது வேறு: பழைய இரட்டைக்குழல் வைத்திருந்தோர் புதுக் கூடு செய்யச் சிறு நிறுவனங்களைத் தூண்டி, .470க்கும் .465க்கும் முழுநீள டைகளைக் கடைய வைத்து, தொழிற்சாலை கைவிட்டதை வீட்டு மேசையில் உயிர்ப்பித்தார்கள். அங்கே டை பட்டியலில் பார்த்து வாங்கும் பொருள். இங்கே 1980-களின் நடுவிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதியும் நின்றுபோனதால், எஞ்சிய பழைய ரைபிள்கள் கூடும் இன்றி மருந்தும் இன்றி உரிமப் புத்தகத்தில் ஒரு வரியாக மட்டுமே புதுப்பிக்கப்பட்டன.

மாவட்ட ரைபிள் கழகங்களில் இளைஞர்கள் பயிலும் இலக்குச் சுடுதலும் டைக்கு வேலை வைக்கவில்லை. அங்கே சுடப்படுவது பெரும்பாலும் காற்றுத் துப்பாக்கியின் ஈயத் துணுக்கு, அடுத்து .22 தோட்டா; .22இல் பொறிமருந்து தனிக் கேப்பில் இல்லாமல் கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டு, சுடும்போது அந்த விளிம்பு நசுங்கிவிடுவதால், அதைத் திருத்தி மறுபடி நிரப்புவது நடைமுறைக்கு வராது. .315 வைத்திருக்கும் உரிமதாரர் தொழிற்சாலைத் தோட்டாவை எண்ணி வாங்கி, எண்ணிச் சுட்டு, கணக்கு எழுதுகிறார். அந்தக் கூட்டை மறுபடி நிரப்ப அவர் எண்ணினால் முழுநீள டையா, கழுத்து டையா என்ற கேள்விக்கு முன்பாக, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு கேட்கும் தயாரிப்பு உரிமம் நிற்கிறது.